மூணாவது பிக்கப்

காது இல்ல, பிக்கப்புதான். காலையிலேர்ந்து இதை எனக்கு நானே பத்து தடவையாவது சொல்லியாச்சு. பதினோராவது தடவையா இப்ப சால்டரிங் அயர்னைப் பிளக்குல சொருகும்போது வாய்விட்டே சொல்றேன், நல்லவேளை சம்சாரம் பிலோமி அடுக்களையில இருக்கா. மணி மூணு இருபது. அயர்ன் சூடாக அஞ்சு நிமிஷம் ஆகும், அதுக்குள்ள ஆறு ஸ்ட்ரிங்கையும் தளர்த்தி, கிடார் முகத்துல இருக்கற வெள்ளைத் தகட்டோட பதினோரு ஸ்குரூவையும் கழட்டிடலாம். கட்டில்ல பழைய பெட்ஷீட்டை விரிச்சு கிடாரை மல்லாக்கப் போட்டிருக்கேன். சட்டைப் பையில டோக்கன் இருக்கு, குனியும்போதெல்லாம் நெஞ்சுல குத்துது. நாப்பத்தேழு. கோயில் மண்டபத்துல இலவச காது பரிசோதனை முகாம், மெஷினெல்லாம் கொண்டாந்து வச்சிருக்காங்களாம், அஞ்சு மணி வரைக்கும்தான். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வர்றப்ப என்னைக் கேக்காமலே பேர் குடுத்துட்டு வந்தவ பிலோமி. இங்கேர்ந்து மண்டபம் மூணு நிமிஷ நடை. மத்தியானம் சோத்துல உக்காந்தப்ப ஆரம்பிச்சா. நான் தீர்த்துச் சொல்லிட்டேன்: கூரியர்ல வந்திருக்கற இந்தப் பிக்கப்பை மாட்டுறேன், கிடார் சத்தம் தெளிஞ்சிடுச்சுன்னா காதுல ஒண்ணும் இல்ல, எதுக்கு வரணும்? தெளியலன்னா வர்றேன். "நிஜமாவா?" "மாதா சத்தியமா." மாதாவை எதுக்கு இழுத்தேன். வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்கத் தெரியாது எனக்கு, எங்கம்மா சாகற வரைக்கும் சொன்னா. சரி, பிக்கப்புதான், காது இல்ல, அப்புறம் என்ன பயம். ஆறாவது ஸ்குரூ தேஞ்சு போய் சுத்திக்கிட்டே இருக்கு, பிடிக்க மாட்டேங்குது. போன தடவை நான்தான் இறுக்கினேன். கோவத்துல இறுக்கினேன்.

இந்தக் கிடார்ல ஒரு குறையும் கிடையாது, அதான் எனக்கு எரிச்சலே. பழசுதான். திண்டுக்கல் ரோட்டுல ஒரு பேங்க் அதிகாரி வீட்டுல ஆறு வருஷம் பீரோ மேல படுத்துக் கிடந்தது. ஆசைப்பட்டு வாங்கி, ஆறு மாசம் கிளாஸுக்குப் போயி, விரல் வலிக்குதுன்னு விட்டவரு. பழைய கிடார் வாங்கப் போறவன் முதல்ல சத்தத்தைக் கேக்கக் கூடாது, அது மயக்கிடும். முதல்ல கழுத்து. தலைப்பக்கத்துலேர்ந்து ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பார்த்தா வளைவு தெரிஞ்சிடும். அப்புறம் கழுத்து மேல குறுக்கால இருக்கற ஒவ்வொரு கட்டையா அழுத்திப் பாக்கணும், குமிழைத் திருகினா கரகரங்குதான்னு பாக்கணும், கடைசியில ஸ்குரூ டிரைவரால பிக்கப்பை லேசா தட்டினா ஸ்பீக்கர்ல டொக்குன்னு வரணும். பிக்கப்புன்னா பெரிசா ஒண்ணும் இல்ல, ஸ்ட்ரிங்குக்குக் கீழ ஒரு காந்தம், அதைச் சுத்தி தலைமுடி மாதிரி செம்புக் கம்பி ஆயிரக்கணக்குல சுத்தியிருக்கும், ஸ்ட்ரிங் ஆடுறதை அதுதான் பிடிச்சு அனுப்பும். எலக்ட்ரிக் கிடாருக்கு அதுதான் காது. பாரு, அங்கயும் காது. அன்னைக்கு அவரு வீட்டு ஹால்ல வாசிச்சுக் காட்டினேன், மெல்லிசான ரெண்டு ஸ்ட்ரிங்கும் அப்படி மின்னுச்சு, அவரு சம்சாரம் அடுப்பை அணைச்சுட்டு வந்து நின்னாங்க. "இதுல இப்படியெல்லாம் வருமா"ன்னு அவரு கேட்டாரு, பாவம், அவரு முகமே சரியில்ல. ரெண்டரை வருஷம் ஆச்சு. வாங்கி ஒரு வருஷம் ராஜா மாதிரி இருந்தது. அப்புறம் யாரோ அது மேல ஒரு போர்வையைப் போர்த்தி விட்டாங்க. அடி ஸ்ட்ரிங்கெல்லாம் சரியா இருக்கு, மேல போகப் போக சத்தத்துல அந்த நுனி இல்ல, வாசிக்கறேன், விரலுக்குத் தெரியுது, வந்து சேரல. உடனே என்ன நினைப்பான் ஒரு கிடார்காரன்? ஸ்ட்ரிங் பழசுன்னு நினைப்பான். மாத்தினேன். ஒயர் சரியில்லன்னு நினைப்பான். மாத்தினேன். அப்புறம்தான் பிக்கப்.

அதுக்கப்புறம் வந்துச்சு பாருங்க ரெண்டாவது பிக்கப். பெங்களூர்ல ஒருத்தன் கழட்டி வச்சிருந்தது, நல்ல முரட்டுக் காந்தம், மாட்டினதும் சும்மா பிளிறுச்சு. ஒரு வாரம் சந்தோசமா இருந்தேன். பிலோமிகிட்ட சொன்னேன், பாத்தியா, கிடார்லதான்டி கோளாறுன்னு. ஒரே வாரம். திரும்பவும் போர்வை. காந்தம் இறங்கிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டேன், வெயில்ல வேன்ல வச்சிருந்தோமே, அதுல இறங்கியிருக்கும். எந்தக் காந்தம்டா ஒரு வாரத்துல இறங்கும், முட்டாளே? முப்பது வருஷமா மேடையேர்றவன், எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிஞ்சும் அந்தக் காந்தத்தைத் திட்டிக்கிட்டே ஒரு வருஷம் ஓட்டியாச்சு. சத்தத்தைக் கூராக்கற ட்ரெபிள் குமிழைப் பாதியிலேர்ந்து முக்காலுக்குத் திருகினேன், முக்கால்லேர்ந்து முழுசுக்கு. தஞ்சாவூர் கல்யாணத்துல கலீல் பாட்டுக்கு நடுவுல மேடை ஓரமா ஓடி வந்தான். கலீல் எங்க குரூப்புக்கு மிக்ஸர் பாக்கறவன், தங்கமான பையன், அவன் கல்யாணத்துலகூட நான்தான் வாசிச்சேன். "அண்ணே, ட்ரெபிளைக் கொஞ்சம் எறக்குங்கண்ணே, முன்வரிசையில காதைப் பொத்துறாங்க." எனக்கு சுருக்குன்னு வந்துடுச்சு. "உன் பெட்டியை ஒழுங்கா பாரு, எனக்குக் கத்துக் குடுக்காத"ன்னுட்டேன், மைக் பக்கத்துல இருந்துச்சா, பாதி மண்டபத்துக்குக் கேட்டுடுச்சு. அவன் மிக்ஸர் பக்கமே திரும்பிப் போயிட்டான். போன மாசம் ரெண்டு கச்சேரிக்கு என்னைக் கூப்பிடல. சின்ன மேடையாம், லீட் கிடார் வேண்டாமாம். சின்ன மேடையாம்! டீக்கடை வாசல்லகூட வாசிச்சிருக்கோம். அடுத்த மாசமும் சின்ன மேடையா இருந்தா? அதுக்கு அடுத்த மாசம்? ஸ்குரூ கழண்டுடுச்சு. பத்து இருக்கு, ஒண்ணு கட்டிலுக்கு அடியில உருண்டுடுச்சு, அப்புறம் தேடலாம்.

தகட்டைத் தூக்கினா உள்ள ஒயரெல்லாம் நான் போன தடவை பத்தவச்ச மாதிரியே இருக்கு, ஒரே இடத்துல ரெண்டு தடவை ஈயம் உருக்கினதுல குமிழோட முதுகு கறுத்துப் போயிருக்கு. அயர்ன் சூடாயிடுச்சு. முனையை ஈரப் பஞ்சுல தொட்டேன், புகை வந்துச்சு. சத்தம் வரல. இது முன்னால சொய்ங்குமே? சொய்ங்கும், நல்லா ஞாபகம் இருக்கு. இன்னொரு தடவை தொட்டேன். வேணாம். இப்படி ஒவ்வொண்ணா சோதிக்க ஆரம்பிச்சா ராத்திரி தூக்கம் வராது, ஜனவரியில காய்ச்சல்ல படுத்தப்ப அந்தத் தெர்மாமீட்டரால அப்படித்தான் ஆச்சு. அக்குள்ல வச்சுக்கிட்டு எப்படா கத்தும் கத்தும்னு கால் மணி நேரம் கையை இறுக்கிக்கிட்டுக் கிடக்கறேன், பிலோமி வந்து "இன்னுமா எடுக்கல, எப்பவோ கத்திடுச்சே, நான் அங்கேர்ந்தே கேட்டேனே"ங்கறா. பேட்டரி வீக்குன்னு சொன்னேன். அவ அதை வாங்கி உதறி டப்பாவுல வச்சா. அப்புறம் அந்தப் பல்லி. பேசிக்கிட்டே இருக்கும்போது பிலோமி திடீர்னு நிறுத்தி, சுவத்துல டொக் டொக் டொக்குன்னு மூணு தட்டு தட்டி, "பல்லி சொல்லுது பாருங்க, நான் சொன்னது நிஜம்"பா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்தப் பழக்கம், சாமியார்கிட்டயே ஒரு தடவை பேசிக்கிட்டு இருக்கும்போது தட்டினவ. எங்கடி பல்லி, இந்த வீட்டுல பல்லியே கிடையாது, வாதாடி ஜெயிக்கறதுக்கு நீயா தட்டிக்கறன்னு நான் சிரிச்சேன். ஒரு வருஷமா இந்த வீட்டுல பல்லி கிடையாதுன்னுதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். போன வாரம் டியூப்லைட்டுக்குப் பின்னால பார்த்தேன், நல்லா கொழுத்த பல்லி, தொண்டை துடிக்குது. வாயைத் திறந்து மூடுது. நான் அண்ணாந்து பாத்துக்கிட்டே நின்னேன். ரொம்ப நேரம் நின்னேன். பிலோமி அந்தப் பக்கமா போனவ, துணி மடிக்கிற மாதிரி அங்கேயே நின்னுட்டா.

பழைய ஒயரை உருவியாச்சு. மூணாவது பிக்கப்பைக் கையில எடுத்தா நல்ல கனம். புரசைவாக்கத்துல ஒருத்தன்கிட்டேர்ந்து வந்தது, போன்ல கேட்டேன், பிரைட்டா இருக்குமான்னு. "சார், பிரைட்டுன்னா பிரைட்டு, கண்ணாடியை ஒடைச்சு வீசின மாதிரி இருக்கும், எனக்கு ஒத்துக்கலன்னுதான் கழட்டினேன், நீங்க என்ன வாசிக்கறீங்க?" லைட் மியூசிக்குன்னேன். "மெலடியா சார்? அதுக்கு இது எதுக்கு சார்?" உனக்கென்னய்யா, அனுப்பு. அயர்னை எடுத்தேன். ஈயம் குமிழ் முதுகுல ஒட்டணும்னா அயர்னை அசையாம அஞ்சு எண்ணற வரைக்கும் வச்சிருக்கணும். ஒண்ணு ரெண்டு மூணு. இது இல்லன்னா எனக்கு என்ன தெரியும்? நாலு. ஐம்பத்தி மூணு வயசுல என்ன வேலைக்குப் போறது, கிளாஸ் எடுக்கலாம், எடுத்தா பிள்ளைங்க தப்பா வாசிக்கறது கேக்கணுமே. அஞ்சு. பிடிச்சுக்கிச்சு. "என்னங்க, டீ." பிலோமி டீயை ஜன்னல் திண்டுல வச்சா. அங்க ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவுல பஞ்சு, பிச்சுப் பிச்சு உருட்டி வச்சிருக்கா. ரொம்ப நாளா பாக்கறேன், அடுக்களையில, மெத்தைக்கு அடியில, இந்தப் பஞ்சு உருண்டைதான். கேட்டா காத்து பட்டா காது வலிக்குதும்பா. "வலி இருக்கறவ நீ. டோக்கனை உன் பேருக்கு மாத்திக்கோ, நீ போயிட்டு வா"ன்னேன். சிரிச்சா. சிரிக்கலன்னா தேவலாம் போல இருந்துச்சு. "மணி நாலே கால் ஆவுது." "தெரியும், எனக்கும் கண்ணு இருக்கு." "கண்ணைப் பத்தி யாரு பேசினா?" "கிண்டலா?" "இல்லங்க. அங்க வெறும் டெஸ்டுதான், யாரும் யாரையும் கடிச்சுத் திங்கப் போறதில்ல." சொல்லிட்டு சுவத்தைப் பார்த்தா. கை லேசா மேல போச்சு, தட்டறதுக்கு. தட்டாம இறக்கிக்கிட்டா. இதுக்கு முன்னால ஒரு தடவைகூட அவ தட்டாம விட்டதில்ல. டீயைக் குடிச்சேன், ஆறிப்போயிருந்துச்சு.

முடிஞ்சது. தகட்டை மூடி, பத்து ஸ்குரூவையும் போட்டு, ஸ்ட்ரிங்கை இழுத்து சுதி சேத்தேன், சுதிக்கு டியூனர் இருக்கு, பச்சை லைட் எரியும், காது வேண்டாம். மேடையிலயும் அப்படித்தானே. டிரம்ஸ் வாசிக்கற மதி பித்தளைத் தட்டைத் தட்டற சத்தம் எனக்கு எப்ப நின்னுச்சுன்னு தெரியல, அவன் கைக்குச்சியைப் பாத்து எடுத்துக்கறேன். குச்சி இறங்குதா, நானும் இறங்கறேன். யாரும் கண்டுபிடிக்கல, மதிகூட. என் தலை எப்பவும் அவன் பக்கமே திரும்பியிருக்குன்னு பாட்டுப் பாடற பொண்ணு ஒரு தடவை கேலி பண்ணுச்சு. ஆம்ப் பெட்டியைப் போட்டேன். ஸ்குரூ டிரைவரால தட்டினேன், டொக். உயிர் இருக்கு. மாதாவே. மெல்லிசான ஸ்ட்ரிங்ல பன்னெண்டாவது கட்டையை அழுத்தி ஒரே ஒரு தட்டு. வந்துச்சு. வந்துச்சா? ஏதோ வந்துச்சு, பக்கத்து வீட்டுல யாரோ வாசிக்கற மாதிரி. குமிழைத் திருகினேன். ட்ரெபிள் முழுசு. இன்னும் பலமா அடிச்சேன், வால்யூம் பாதி, முக்கால், அந்தப் பேங்க்காரர் வீட்டுல வாசிச்சதையே வாசிக்கறேன், அந்தம்மா அடுப்பை அணைச்சுட்டு வந்த இடம், மேல ஏறுது, விரல் போகுது, சரியா போகுது, ஸ்ட்ரிங் நடுங்கறது தெரியுது, போர்வை. அதே போர்வை. கண்ணாடியை ஒடைச்சு வீசின மாதிரி இருக்கும்னானே, பொய்க்காரன், ஃபிராடு, இன்னும் திருகறேன், திருக இடமில்ல. புரசைவாக்கத்துக்குப் போன் போட்டு நாலு கேள்வி கேக்கணும்னு திரும்பினா நிலைப்படியில பிலோமி. ரெண்டு காதுலயும் பஞ்சு. அதுக்கு மேல உள்ளங்கையையும் வச்சுப் பொத்தியிருக்கா, முகமெல்லாம் சுருங்கி, பல்லைக் கடிச்சுக்கிட்டு. நான் பாத்ததும் கையைச் சட்டுன்னு இறக்கிட்டா. திருடி மாதிரி இறக்கினா.

டீ குடுக்கும்போது பஞ்சு இல்லையே. "காது வலிக்குதா?" எனக்குத் தெரிஞ்சு போச்சு, இருந்தாலும் கேட்டேன். அவ ஒண்ணொண்ணா எடுத்து முந்தானையில முடிஞ்சா. "எனக்கு ஒரு வலியும் இல்லங்க. நீங்க வாசிக்கும்போது மட்டுந்தான்." "எப்பலேர்ந்து?" "ரெண்டாவது ஒண்ணு மாட்டினீங்கல்ல." ஒரு வருஷம். ஒரு வருஷமா இந்த வீட்டுல எனக்குத் தெரியாம பஞ்சு உருட்டியிருக்கா. எனக்கு முதல்ல வந்தது கோவந்தான், பொய் சொல்ல மாட்டேன். "ஏன்டி, வாயில என்ன கொழுக்கட்டையா? சொன்னா என்ன?" "என்னன்னு சொல்றது?" அவ முந்தானை முடிச்சைப் பிடிச்சுக்கிட்டா. "கல்யாணத்தன்னைக்கு எனக்காக வாசிச்சீங்க. அந்தக் கையால வாசிக்கறதை, காதைக் கிழிக்குது நிறுத்துங்கன்னு எந்த வாயால சொல்லுவேன்?" நான் ஆம்ப்பை அணைச்சேன். சின்னதா ஒரு சிவப்பு லைட் அதுல, அது அணையறதையே பாத்துக்கிட்டு இருந்தேன். கலீல் ஓடி வந்தது, முன்வரிசையில காதைப் பொத்தினவங்க, சின்ன மேடை, எல்லாரும் நிஜம் சொல்லியிருக்காங்க, நான் மட்டும் ஸ்குரூ கழட்டிக்கிட்டு இருந்திருக்கேன். அழுகை வந்துச்சு. அவ முன்னால அழுது பழக்கமில்ல, கட்டிலுக்கு அடியில உருண்ட ஸ்குரூவைத் தேடற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன். அவளும் பக்கத்துல உக்காந்து தேடினா. கிடைச்சுது. என் கையில வச்சா. "மணி நாலே முக்கால். செருப்பைப் போடுங்க"ன்னா.

மண்டபத்துல கூட்டம் வடிஞ்சிருந்தது. நாப்பத்தேழுன்னு எப்பவோ கூப்பிட்டிருக்காங்க, பிலோமி கெஞ்சி நிறுத்தி வச்சா. சாமியார் சாமான் வைக்கற சின்ன அறை, கதவை மூடினா வெளிச் சத்தம் இல்ல. வெள்ளை கோட்டு போட்ட பொண்ணு ஹெட்போனை மாட்டிவிட்டுது. "சார், கேட்டா கையைத் தூக்குங்க. ரொம்ப மெல்லிசா கேட்டாலும் தூக்குங்க." எனக்குப் பக்கவாட்டுல திரும்பி உக்காந்துக்கிச்சு, பெட்டியை ஒரு அட்டையால மறைச்சுக்கிச்சு. முதல்ல கப்பல் ஊதற மாதிரி ஒண்ணு, தூக்கினேன். இன்னொண்ணு, தூக்கினேன். பரவால்லியே, தூக்கிக்கிட்டே இருக்கேன், கதவுக் கண்ணாடி வழியா பிலோமி முகம் கொஞ்சம் மலருது. அப்புறம் ஒண்ணும் வரல. மெஷின் நின்னுடுச்சா? நான் அந்தப் பொண்ணைப் பார்த்தேன், அதுக்குப் பின்னால சுவத்துல சூசையப்பர் படம், கண்ணாடி போட்டது, அந்தக் கண்ணாடியில அட்டைக்கு அந்தப் பக்கம் அதோட விரல் நல்லா தெரியுது. விரல் இறங்குது. அழுத்துது. எனக்கு ஒண்ணும் இல்ல. விரல் எழும்புது, ஏதோ திருகுது, திரும்ப இறங்குது. கை தன்னால மடியிலேர்ந்து ஒரு விரக்கடை எழும்பிடுச்சு, மதியோட குச்சி இறங்கும்போது எழும்புமே, அதே மாதிரி. தூக்கிடலாம். ஒவ்வொரு தடவையும் தூக்கிடலாம், ஒரு தாளம் தப்பாம தூக்குவேன், முப்பது வருஷ மேடை, ஐம்பது பேருக்கு டெஸ்ட் பண்ண இந்தப் பொண்ணுக்கு என்ன தெரியப் போகுது. காது நல்லா இருக்கு சார்னு எழுதிக் குடுத்துடும். நாளைக்கு அந்தத் தாளைக் கலீல் மூஞ்சியில வீசலாம். பிலோமி திரும்பவும் பஞ்சு உருட்டுவா. விரல் இறங்குது. நான் கண்ணை இறுக்க மூடிக்கிட்டேன். கை மடிக்கு வந்துடுச்சு, அங்கயே இருந்துச்சு, ரொம்ப நேரம் அங்கயே இருந்துச்சு.